பாலத்தைத் தாண்டாத செவலை

குடவாசல் பக்கம் குதிரைப் பந்தயம் என்றால், மைக்செட் கட்ட ஆள் சொல்வதற்கு முன்பே வீரையனுக்குச் சொல்லிவிடுவார்கள். "அண்ணே, காணும் பொங்கலன்னிக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க" என்று போன் வரும். வீரையனும் "வரேன், வரேன்" என்பார். போனை வைத்த கையோடு, "இந்த வருஷத்தோட இதைத் தலைமுழுகணும்" என்பார். இதையும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அங்கே பந்தயம் என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டிப் பந்தயம். ஆலத்தங்குடி அய்யனார் கோயில் எதிரே கொடி அசைத்தால், தார் ரோட்டில் குடமுருட்டிப் பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். போகவர எட்டு மைல். குதிரை ஓட்டநடையில்தான் போகலாம், நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் அந்த வண்டி அவுட். புதுக்குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று மூன்று பந்தயம். ஆரம்பிப்பதற்கு முன்னால் எது வரும், எது வராது என்று மைக்கில் சொல்வதுதான் வீரையனின் வேலை. வேலை என்ன பெரிய வேலை, ஒரு துண்டு போர்த்துவார்கள், ஒரு டீ கொடுப்பார்கள்.

மற்றவர்கள் குதிரையைப் பார்த்துச் சொல்வார்கள். வீரையன் பார்க்கவே மாட்டார். பூவரச மரத்தடியில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு குதிரையாக அவருக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டநடையில் கால் நாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும், சத்தம் இரண்டுதான் கேட்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே கனமாக விழுந்தால் குதிரை தேறும். ஒன்று லேசாக விழுந்தால் எங்கேயோ வலி இருக்கிறது, எட்டு மைலில் அது வெளியே வந்துவிடும். "மினுமினுன்னு இருக்குன்னு பார்த்தா ஏமாந்துடுவோம். லாடம் பொய் சொல்லாதுடா" என்பார்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். யார் வீட்டுக் குதிரை ஓடுகிறதோ, அவர்கள் வீட்டில் மார்கழி பிறந்ததிலிருந்து பந்தயம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டும் அல்லவா? முப்பது வருஷம் இப்படியே போயிற்று. போன வருஷம் மாப்பிள்ளை வளவனே குதிரை வாங்கிக் கட்டினான். வந்தது வினை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகள் வீட்டில் தண்ணீர் குடிக்காத மனுஷன் என்று அவரை ஊரே கேலி செய்தது.

வளவன் நல்ல பிள்ளை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. குவைத்தில் ஏழு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன், இங்கே வந்ததும் குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். தன் குதிரைக்குத் தானேதான் சாரதி. போன மாசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு பந்தயத்தில் இரண்டு வண்டி உரசிக் குடை சாய்ந்தது. பக்கத்து வண்டிக்காரன் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். வளவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறுவதற்குள் மறுபடியும் குதிரையை ரோட்டுக்குக் கொண்டுவந்தான். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை, செவலை என்றே கூப்பிட்டான்.

காணும் பொங்கலுக்கு முதல் நாள் மகள் வானதி வயலுக்கே வந்துவிட்டாள். வீரையன் வரப்பில் உட்கார்ந்து சாய்ந்து கிடந்த சம்பாப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மா குத்தகை நிலத்தில் பாதி, மார்கழிக் கடைசி மழையில் படுத்துவிட்டது. அறுப்பு மெஷின்காரன் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்துக்கொண்டிருந்தான். அவருக்கு முழங்கால் வலி வேறு. எழுந்து நிற்கவே அலுப்பாக இருந்தது. மகள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"டீ வேணாம்னு தெரியும். அது எனக்கு. நீங்க நான் சொல்றதை மட்டும் கேளுங்க."

"சொல்லு தாயி."

"உங்க மாப்பிள்ளை எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு. 'மாமா வாயால செவலை வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே கயிறை அவுத்துக் கொடுத்துட்டு வயலைப் பார்க்கறேன்'னாரு. சொல்லிடுங்கப்பா. வராதுன்னு சொல்லிடுங்க."

வீரையன் சாய்ந்து கிடந்த ஒரு கதிரைப் பிடித்து நிமிர்த்தினார்.

"போன தடவை ஆஸ்பத்திரியில ரத்தச் சட்டையைக் கையில கொடுத்தாங்க. அடுத்த தடவை என்னத்தைக் கொடுப்பாங்க? உங்க வாய்ச்சொல்லு பெருசா, என் தாலி பெருசா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"குதிரை எப்படி ஓடுதோ அப்படித்தான் தாயி சொல்ல முடியும்" என்றார். சொல்லும்போதே குரலில் தெம்பு இல்லை. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, டீயை வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவர் பூவரச மரத்தடிக்கு வந்தபோது பனி விலகவில்லை. தென்னந்தோப்பில் இருபது குதிரைக்கு மேல் கட்டியிருந்தார்கள். அவர் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். புதுக்குதிரைகள் போயின, நடுக்குதிரைகள் போயின. பெரிய குதிரைகள் ஒன்பது. முதல் எட்டையும் கேட்டுவிட்டு, அப்பனே, செவலை உண்மையிலேயே சுமாராக இருந்துவிடாதா என்று அய்யனாரை வேண்டிக்கொண்டார். அதற்குள் அது வந்துவிட்டது.

அட, என்ன அடி! ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி, இம்மி பிசகாமல் விழுந்தது. முப்பது வருஷத்தில் அப்படியொரு நடையை அவர் கேட்டதே இல்லை. சத்தம் தேய்ந்து மறைகிறவரை கண்ணைத் திறக்காமல் நின்றார். சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது, அடுத்த நிமிஷமே வானதி வாய்க்காலில் ஊற்றின டீ ஞாபகம் வந்தது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "புதுக்குதிரையில வலங்கைமான்காரரு சாம்பல் குதிரை. முதல்ல பின்னாடிதான் கிடக்கும், பயந்துடாதீங்க, பாலம் திரும்பினதும் பிடிச்சிடும். நடுக்குதிரையில கருப்பு மட்டக்குதிரை வரும். வெள்ளைக் குதிரைக்கு ஆசைப்படாதீங்க, மூணாவது மைல்ல மூச்சு வாங்கிடும்." கூட்டம் கை தட்டியது. "பெரிய குதிரையில முதல்ல மன்னார்குடிக் குதிரை, ரெண்டாவது ஒரத்தநாட்டுக் குதிரை." நிறுத்தினார். வளவன் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நேரே அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "செவலைக்கு முன்னங்கால் இடது பக்கம் லேசா விழுது. பாலத்தைத் தாண்டாது."

வளவன் ஒரு தரம் குனிந்து அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தான். பிறகு முத்துப்பேட்டை ஜாஃபர் சாதிக்கிடம் போனான். மூன்று மாசமாகச் செவலையைக் கேட்டு நடையாய் நடந்தவர் அவர். "பாய், எடுத்துக்குங்க. மாமா இடது கால் லேசுன்னுட்டாரு. தெரிஞ்சே வாங்குங்க" என்றான். "உங்க மாமாவுக்குக் காது, எனக்குக் கண்ணு" என்று பாய் சிரித்தார். கயிறு அங்கேயே கை மாறியது. சொன்ன சொல்லை அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடவில்லை.

சாம்பல் குதிரை அவர் சொன்னபடியே பாலம் திரும்பிப் பிடித்தது. கருப்பு மட்டக்குதிரை வந்தது. வெள்ளைக் குதிரை மூன்றாவது மைலில் நின்றேவிட்டது. "அண்ணன் வாக்குன்னா வாக்குதான்" என்று மைக்கில் புகழ்ந்து தள்ளினார்கள். கடைசியாகப் பெரிய குதிரை. பாயின் சாரதி கயிற்றைத் தளர்த்தியதுதான் தெரியும். செவலை பாலத்தைத் தாண்டியது, திரும்பியது, இரண்டாவதாக வந்த குதிரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் பின்தங்கிவிட, தனியாக வந்து கொடியைத் தொட்டது.

கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "அண்ணனுக்குக் காது அடைச்சுப்போச்சுடோய்!" "மாப்பிள்ளை குதிரைன்னதும் பஞ்சு வச்சுக்கிட்டாரு!" வளவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அறைந்தால்கூடப் பரவாயில்லை என்று நின்றார் வீரையன். அவனோ கீழே விழுந்திருந்த, அவருக்குப் போர்த்திய துண்டை எடுத்து உதறி, அவர் தோளில் போட்டான். "விடுங்க மாமா. அறுபத்தஞ்சு வயசுல காது முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் மகள் அன்று தண்ணீர் கொடுத்தாள். பந்தயம்தான் முடிந்துவிட்டதே, அவரும் குடித்தார். வானதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொல்லைப்புறத்தில் காலியாக இருந்த கொட்டகையை வளவன் வெகுநேரம் கூட்டிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வளவன் சொன்னபடி வயலைப் பார்த்தான். மாமனாரின் சாய்ந்த பயிருக்கும் அவனே மெஷின் பிடித்து வந்து அறுத்துக் கொடுத்தான். ஆனால் ஒன்றைத்தான் விடவில்லை. "தஞ்சாவூர்ல போய்க் காதைக் காட்டிடுவோம் மாமா." அவர் எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். மாசி பிறந்ததும் ஒருநாள் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

மெடிக்கல் காலேஜ் ரோட்டில் மாடியில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையம். வீரையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பெயர் பதிய வளவன் உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஃபேன் ஓடியது, கீழே ரோட்டில் பஸ் ஹாரன். அத்தனைக்கும் நடுவே, வளவன் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட மூச்சிலேயே பேசியது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

"மேடம், ஒரு உதவி. காது நல்லாத்தான் இருக்குன்னு வந்துச்சுன்னா, குறைன்னே சொல்லிடுங்க. நல்லா இருக்குன்னு ஆயிடுச்சுன்னா, அவரு தெரிஞ்சே பொய் சொன்னாருன்னு ஆயிடும். அப்புறம் அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"அதெல்லாம் மாத்திச் சொல்ல முடியாதுங்க. மெஷின்ல என்ன வருதோ அதான்" என்றாள் அந்தப் பெண்.

வீரையன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் பயிர் அறுத்திருக்கிறான், தோளில் துண்டு போட்டிருக்கிறான். அடப்பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று இருந்தது அவருக்கு.

கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காதில் பெரிதாக ஒன்றை மாட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அந்தப் பெண், மதுவந்தி என்று சட்டையில் எழுதியிருந்தது. "சத்தம் கேட்டா உடனே அமுக்குங்க ஐயா. எவ்வளவு லேசா இருந்தாலும் அமுக்கணும்."

முதல் சத்தம் பெரிதாக வந்தது. அமுக்கினார். அடுத்தது சின்னது. பிறகு அதைவிடச் சின்னது. கடைசியில், தூரத்து ரோட்டில் குதிரை போன பிறகு மிஞ்சுமே, அந்த அளவுக்குத் தேய்ந்த ஒன்று. அதுவும் கேட்டது. எல்லாமே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டார், பெரிய சத்தத்துக்கு மட்டும் அமுக்கினார். மற்றபடி கட்டை விரல் அசையவில்லை.

மதுவந்தி காகிதத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற வளவனிடம் காட்டினாள். "ரெண்டு காதுலயும் நல்ல குறைவுங்க. மெஷின் வைக்கணும்." வளவன் நெஞ்சு இறங்க மூச்சு விட்டான். அவனுடைய கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அன்றுதான் அவன் மாமனாரை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தான்.

மாடிப்படி இறங்கும்போது அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினான்: "படி இருக்கு மாமா! பார்த்து!"

"என்னது?" என்று கேட்டார் வீரையன்.

அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.