பஸ் டிரைவரும் ரிமோட் காரும்

நெரிசலான சந்துகளில்கூட ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிப் பேர் வாங்கியவர் அவர். ஆனால் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த ரிமோட் காரை மட்டும் அவரால் ஒரு சுற்றுகூட உருப்படியாக ஓட்ட முடிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவின் காலி இடத்தில் மகளும் மகனும் ஓட்டினால் கார் சிட்டாய்ப் பறக்கும். அவர் கைக்கு ரிமோட் வந்ததும் நேரே சுவரில் போய் முட்டும்.

“கார் நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிடும்பா. நீங்க உள்ளே உக்காந்திருக்கிறதா நினைச்சுக்கோங்க,” என்பாள் மகள்.

“உள்ளே உக்காந்தா நான் பிரேக் போட்டிருப்பேனே கண்ணு!”

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கழன்ற சக்கரத்தை மூவரும் தரையில் உட்கார்ந்து மாட்டுவார்கள்.

இன்று பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அந்தக் காரின் பேட்டரிக்கு மாதம் தவறாமல் சார்ஜ் போடுகிறார்.

“இதை யாரு ஓட்டப்போறா?” என்பாள் மனைவி.

“சும்மா விட்டா பேட்டரி செத்துடும். பிள்ளைங்க வந்து கேட்டா?”

போன வாரம் மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“கார் ஓடுமாப்பா?”

இருவரும் தெருவில் இறங்கினார்கள். மனைவி எடுத்துவைத்த சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.