ஏழு ரங்கன்களை அழித்தேன்!

எண்பதுகளின் கடைசியில் திருச்சி தில்லை நகரில், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில் எனக்கு வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இடிபட்டுப் போவேன். யூனிக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ள நானும் இன்னொரு பெண்ணும். இருவருமே டெம்பரரி. ஆறு மாசம் கழித்து ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

சும்மா இருப்பேனா? தலையணை சைஸ் மேனுவலைப் புரட்டி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப் பழகினேன். தினமும் அடிக்கிற கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால், அப்புறம் மெஷினே மளமளவென்று செய்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை! அவளோ தினமும் சாயங்காலம் எல்லா ஃபைலையும் டேப்பில் நகலெடுத்து, ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று வேறு பார்ப்பாள். "எத்தனை நாளைக்குத்தான் இப்படி மாவாட்டுவே?" என்று கிண்டலடிப்பேன்.

ஒருநாள், துறையூர் கிளைக்கு மாற்றலாகிப் போன ரங்கா என்பவரின் பெயரையும் ஃபைல்களையும் மெஷினிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். 'ranga' என்று இங்கிலீஷில் அடித்து என்டரைத் தட்டினேன். அந்த எழுத்துகள் எந்தப் பெயருக்குள் இருந்தாலும் பிடித்துவிடும் என்பது மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. ரங்கராஜன், ரங்கநாதன், ரங்கநாயகி... மானேஜர் உட்பட இன்னும் ஏழு பேரின் ஃபைல்களும் காலி! ஸ்டோர்ஸ் மேடம் ரங்கநாயகி மூன்று வாரமாக அடித்த சரக்கு லிஸ்டும் போச்சு. மறுநாள் அது தலைமை அலுவலகம் போயாக வேண்டும்.

அவளிடம் சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முந்தின நாள் டேப்பை எடுத்து மெஷினில் போட்டாள். மத்தியானத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

மானேஜர் வந்தார். "காலையில என் ஃபைலையெல்லாம் காணோமேம்மா, யார் பண்ணின வேலை?"

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு சார். இப்ப சரியாயிடுச்சு" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.

எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் சார்" என்று நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

முறைத்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, ஸ்ரீரங்கத்திலேயே இருக்கே! ரங்கான்னு கூப்பிட்டா தெருவே திரும்பிப் பார்க்கும்னு உனக்குத் தெரியாதா?"

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அல்வா வாங்கிக்கொண்டு போய் மனசாரக் கொடுத்தேன். நானும் வேறு இடத்தில் சேர்ந்து எத்தனையோ ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். ஆனால், ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லையே அவள்! அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்; உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இருந்த நான் செய்திருக்க மாட்டேன்.