ஞாபகங்களுக்கு முடிச்சுப் போடும் வேலை

ஒரே புகாரை நாலு பேரிடம் நாலு தடவை முதலிலிருந்து சொல்லி அலுத்துப் போனவரா நீங்கள்? அந்த அலுப்பைப் போக்குவதுதான் எங்கள் தொழில். சில சமயம் அதை நாங்களே உண்டாக்குவதும் உண்டு.

பழுப்பு உறைகள்

தினசரி ஒன்றில் முப்பது வருடம் ஜில்லாச் செய்திகளைத் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனி விவசாயிகளுக்கு போனில் ஆலோசனை சொல்கிறது. பேசுவது செயற்கை நுண்ணறிவு. யார் என்ன சொன்னாலும் அதைக் குறிப்பாக எழுதி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளுக்குள் தேடி, "இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம்" என்று எடுத்துக் காட்ட ஒரு டூல் இருக்கிறது. அது காட்டுவதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அழுத்துவது என் வேலை. 'இல்லை' என்றால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்; நான் அழுத்தும்வரை இயந்திரம் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

டூலை எழுதிய மேனகா முதல் நாள் இதை விளக்கியபோது எனக்கு எங்கள் ஆபீஸ் நூலகர் பெரியசாமிதான் நினைவுக்கு வந்தார். பழைய செய்திகளை வெட்டி, ஊர்வாரியாகப் பழுப்பு உறைகளில் போட்டு வைத்திருப்பார். எங்காவது பாலம் திறந்தார்கள் என்று செய்தி வந்தால், அதே பாலத்துக்கு எட்டு வருடம் முன்பு அடிக்கல் நாட்டிய கட்டிங் கேட்காமலே என் மேசைக்கு வரும். அவர் இருந்தவரை எங்கள் பேப்பரில் ஒரே பாலம் இரண்டு முறை திறக்கப்பட்டதில்லை. இதைச் சொன்னேன். மேனகா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் செஞ்சதத்தான் சார் இதுவும் செய்யுது. என்ன, இதுக்கு வெத்தல வாங்கித் தர வேண்டாம்."

விழுந்த தென்னை

பேராவூரணிக்காரர் ஒருவர் தென்னையில் வெள்ளை ஈ என்று போன் செய்தார். டூல் அவருடைய பழைய குறிப்பு ஒன்றை எடுத்துக் காட்டியது. அதே ஆள், அதே தோப்பு. நான் 'ஆம்' அழுத்தினேன். அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது இயந்திரம் மரியாதையாகத்தான் கேட்டது: "புயலில் உங்கள் மரங்கள் பாதிக்கு மேல் விழுந்தன. இவை அதன் பிறகு வைத்த கன்றுகளா?"

 அவர் போனை வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க நானே கூப்பிட்டேன். "தப்பா ஒண்ணும் கேக்கலைங்க," என்றார். "நான் மறக்கப் படாத பாடு பட்டுக்கிட்டிருக்கேன். உங்க மிஷினு ஒரு நிமிசத்துல எடுத்து முன்னாடி வச்சிருச்சு."

வயலுக்குக் குழாய்

மலர்க்கொடி குத்தாலம் பக்கம் கடைமடைக்காரர். வாய்க்கால் தண்ணீர் எல்லோர் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம் அது. சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார். "தண்ணி வரலைங்க. நாத்தங்கால் வெடிக்குது. இன்னும் அஞ்சு நாள் தாங்கினா பெருசு" என்று பதிவாகியிருந்தது. இந்த நாற்று போனால் மறுபடி விதை விட்டு வளர்க்கப் பருவம் இருக்காது.

டூல் 'தண்ணி வரலை' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, தஞ்சாவூர் டவுனில் மாடி வீட்டுக்காரர் ஒருவர் சொன்ன குடிநீர்ப் புகாரோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டது. நான் பார்ப்பதற்குள் இயந்திரம் மலர்க்கொடியிடம், மோட்டாரையும் குழாய் வால்வையும் சோதிக்கச் சொல்லிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "வயலுக்குக் குழாய் போட்டுத் தர்றதா இருந்தா சொல்லுங்க, ஒரு பக்கெட்டோட வந்து நிக்கிறேன்" என்றார்.

வேற பக்கம்

அன்று சாயங்காலமே டூல் இன்னொரு தொடர்பைக் காட்டியது. தண்ணீர் வரும் திசையில் மேலே, தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ராஜாங்கம் என்பவர் பேசியிருந்தார். அவர் வயலில் தண்ணீர் ஏறி நிற்கிறது, வடியவே இல்லை. இதையும் மலர்க்கொடியின் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, 'ஒரே வாய்க்காலாக இருக்கலாம்' என்றது டூல். ஒருவருக்குத் தண்ணீர் அதிகம், இன்னொருவருக்குத் தண்ணீரே இல்லை. போதாததற்கு இரண்டும் இரண்டு மாவட்டம். நான் 'இல்லை' அழுத்தினேன்.

எங்கள் பேப்பரில் மாவட்டத்துக்கு ஒரு பக்கம். குத்தாலம் செய்தி அப்போது நாகைப் பக்கத்தில் போகும்; தஞ்சைப் பக்கத்துக்கு வந்தால் எடுத்து எறிந்துவிடுவோம். பஸ் கண்டக்டர் கொண்டுவந்து தரும் நிருபர் கவரைப் பிரித்ததும், முதல் வரியில் ஊர் பெயரைத்தான் பார்ப்பேன். செய்தி என்ன என்பதெல்லாம் பிறகு. முப்பது வருடம் அப்படிப் பிரித்த கை அது.

மூன்றாம் நாள் மலர்க்கொடி திரும்பக் கூப்பிட்டார். கரையோர நாற்று பழுக்க ஆரம்பித்துவிட்டதாம். மேனகா பழைய பதிவுகளைக் கிளறிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "நீங்க 'இல்லை'ன்னு அடிச்சுவிட்ட இணைப்பு சார் இது. காரணம்ங்கற எடத்துல 'வேற பக்கம்'னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கம் சார்?"

ரெண்டு பேரும் ஒரு போனில்

இருவரிடமும் சம்மதம் கேட்டு ஒரே போனில் சேர்த்தோம். மேலே உள்ளவர்கள் மறித்துவிட்டார்கள் என்று மலர்க்கொடியும், கீழே உள்ளவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்று ராஜாங்கமும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

"நீங்க அடைக்கலைங்களா?"

"நான் ஏம்மா அடைக்கிறேன்? நானே தண்ணில நிக்கிறேன்."

மாவட்ட எல்லையில் சாலைக்கு அடியில் போகும் மதகை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை இரண்டு ஊர் ஆட்களும் இறங்கி இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் மத்தியானமே கடைமடைக்குப் போய்விட்டது.

நான் போன் செய்து விசாரித்தேன். மலர்க்கொடி நிதானமாகச் சொன்னார்: "பாதி நாத்து பொழச்சுதுங்க. மீதிக்கு அந்த ராஜாங்கம் அண்ணனே நாத்து தர்றேன்னிருக்காரு. மூணு நாள் முன்னாடி இந்தப் பேச்சப் பேச விட்டிருந்தா முழுசும் பொழச்சிருக்கும், இல்லைங்களா?"

அன்றிலிருந்து 'இல்லை' என்று அழுத்தும் முன் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்; இந்தத் தொழிலில் இதுவரை நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.