படுக்கையறைக்குக் கீழே கோபால்ட்

காங்கோ நாட்டுக் கோல்வேசியில் எங்கள் தெருவில் படுக்கையறை என்று எந்த வீட்டிலும் இல்லை. அங்கெல்லாம் கோபால்ட் கல் தோண்டும் குழிதான். அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அடுப்படியில் படுக்கிறோம். பேட்டரியில் கோபால்ட் சேர்த்தால் அது சூடேறி லேசில் தீப்பிடிக்காதாம். கல் வாங்க வருகிறவன் சொல்வான். எங்கோ எவன் பையிலோ செல்போன் பத்திரமாக இருக்க, நாங்கள் குடியிருக்கும் வீட்டைக் குடைகிறோம். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எதிர்வீட்டு மசெங்கோ மாவுருண்டை பொரித்து விற்கிறவள். பயந்தவள். புருஷன் கபெந்த் குழிக்குள் இறங்கினால், ஏறும்வரை திட்டிக்கொண்டே இருப்பாள்.

அன்று மத்தியானம் அவன் ஒரு மூட்டையோடு ஏறினான். கரிய கல், கையளவுத் துண்டே அப்படிக் கனத்தது. மேலே ரோஸ் நிறப் பொருக்கு. அப்படிப்பட்ட சரக்கை எங்கள் தெரு பார்த்ததில்லை.

"எங்க எடுத்த?" என்று கேட்டாள் மசெங்கோ.

"எல்லைச் சுவர்லதான். நம்ம பாதியத்தான் சுரண்டினேன். பக்கத்து வீட்டுக் கியுங்கு பாதி நிக்குதுல்ல, அது தாங்கும்."

இரண்டு வீட்டுக் குழிகளுக்கும் நடுவே மண்சுவர் ஒன்றை விட்டுவைப்பது எங்கள் வழக்கம். கபெந்த் மறுபடி இறங்கிவிட்டான். மசெங்கோவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாள். கியுங்குவின் முற்றத்தில் அதே ரோஸ் பொருக்குக் கற்கள் குவிந்து கிடந்தன.

"இது எங்கேருந்துண்ணே?"

"சுவர்லருந்துதான். எங்க பாதி. உன் புருஷன் பாதி இருக்குல்ல, ஏன் தங்கச்சி பயந்து சாகுற? நும்பி இன்னும் கீழதான் வெட்டிக்கிட்டு இருக்கான்."

நும்பி அவன் தம்பி.

மசெங்கோ ஓடிவந்து தன் வீட்டுக் குழிவாயில் குனிந்தாள். கீழே இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நும்பி அவள் புருஷனிடம் சிகரெட் கேட்டான். குரல் கபெந்துக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல்போலக் கேட்டது. நடுவில் சுவரே இல்லை.

பயந்து கூப்பிட்டால் கபெந்த் வரமாட்டான். அவள் திட்டுக்கு அவன் காது பழகிவிட்டது.

"நம்ம சின்னவ எண்ணெய்ச் சட்டிய மேல கொட்டிக்கிட்டா, ஓடியா" என்று கத்தினாள்.

பதறியடித்துக்கொண்டு ஏறினான். அவன் வெளியே கால் வைத்ததும் பின்னால் தரை உள்வாங்கிவிட்டது. இரண்டு வீட்டுப் பக்கமும் தெருவே சேர்ந்து தோண்டினோம். மறுநாள்தான் நும்பி கிடைத்தான்.

துக்க வீட்டில் கியுங்கு அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டான்.

"ரெண்டு பேர் சிரிச்சதும் கேட்டுச்சுன்ன. என் தம்பியையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, தங்கச்சி."

மசெங்கோ தலை நிமிரவில்லை.

"அவன் ஞாபகமே வரலண்ணே" என்றாள்.