இத்தாலி அச்சு, ஜப்பான் கிராங்க்

கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் காபிக்கடைச் சுவரில் ஒரு பழைய ரேஸ் சைக்கிளை மாட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம் தோழியோடு போனவள், காபிக்குச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. எழுந்து போய்ப் பெடலைப் பிடித்து ஆட்டினேன். கிராங்க் லொடலொடவென்று ஆடியது. "ஆன்ட்டி, தொடாதீங்க, அது அழகுக்கு வச்சிருக்கு" என்றாள் கல்லாவில் இருந்த பெண். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். பாவம், அவள் மேல் கோபமில்லை. இது முப்பது வருஷத்துக் கோபம்.

உங்களுக்குச் சைக்கிள் விவகாரம் தெரியுமோ என்னவோ. பெடலைத் தாங்குகிற இரண்டு கைகளுக்கும் கிராங்க் என்று பெயர். அவற்றை இணைத்துச் சட்டத்தின் அடியில் சுற்றுகிற தண்டுதான் அச்சு. நம் ஊர் சைக்கிளில் ஒரு பின்னை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. ரேஸ் சைக்கிளில் அந்தப் பாச்சா பலிக்காது. அச்சின் முனை சதுரமாக, நுனியை நோக்கிச் சரிந்து மெலியும். கிராங்கின் துளையும் அப்படியே சரிந்திருக்கும். மயிரிழை பிசகினாலும் ஒன்றையொன்று கவ்வாது.

என் அண்ணன் சேவியர் கப்பலில் ஃபிட்டர். இத்தாலியில் எவனோ கழித்துப் போட்ட பச்சை ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். அச்சு இருந்தது, கிராங்க் இல்லை. நான் அப்போது கல்லூரியில். வாடகைச் சைக்கிளிலேயே திரேஸ்புரத்துப் பையன்களை முந்துகிறவள். அதில் அண்ணனுக்கு ஒரே பெருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனுடைய அடுத்த பயணம் ஜப்பானுக்கு. அச்சின் முனையைக் காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, இதற்கு ஏற்ற கிராங்க் வாங்கி வா என்று நான்தான் அவனிடம் கொடுத்தேன். பெரிய இஞ்சினியர் என்று நினைப்பு! பேனாக் கோட்டைவிட மெல்லிய வித்தியாசம் காகிதத்தில் தெரியுமா?

கருவாட்டு வாசனை ஆட்சி செய்த எங்கள் வீட்டில், அந்தக் கிராங்க் பெட்டியைப் பிரித்த அன்று மட்டும் கிரீஸ் வாசனை ஜெயித்தது. மாட்டினோம். உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. பல்சக்கரம் சட்டத்தை உரசியது. போல்ட் கிராங்கை இறுக்காமல் அச்சின் நுனியில் முட்டி நின்றது.

"அண்ணே, இது சேரல. அச்ச மாத்தணும். அடுத்த தடவ ஜப்பான்லயே ஒண்ணு வாங்கிட்டு வா."

"ஏளா, கப்பல் இஞ்சினையே கழட்டி மாட்டுதவன் நான். எனக்கே பாடம் எடுக்கியோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வேலை கிடைத்தால், வீட்டில் தொடங்கியிருந்த கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம். ஆகவே வம்பே வேண்டாம் என்று கல்லூரிச் சைக்கிளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நான் காலைப் பூசைக்குப் போன நேரத்தில் அண்ணன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். மீன் டப்பாத் தகரத்தை வெட்டி அச்சுக்கும் கிராங்குக்கும் நடுவே செருகி, பச்சை சைக்கிளை வாசலில் நிறுத்தியிருந்தான். "இப்பம் பாரு, அசையாது" என்றான். தங்கச்சிக்கு நானே சைக்கிள் செய்து கொடுத்தேன் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டதே, விடுவானா?

மில்லர்புரம் தாண்டும்வரை இரண்டாவதாகப் போனேன். பிறகு இடது காலில் டக் டக்கென்று ஓர் ஆட்டம். கொஞ்ச தூரத்தில் கிராங்க் கழன்றே விட்டது. பாதத்தைப் பெடலோடு வாரால் கட்டியிருந்ததால் அது என் காலோடு தொங்கியது. உடைமரத்தடியில் போய் விழுந்தேன். ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். பின்னால் பைக்கில் வந்த அண்ணன் சொன்னான்: "பொட்டப்புள்ளைக்கு இந்த வண்டி தாங்காதுன்னு அப்பமே நெனச்சேன்."

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், அவரை இதில் இழுப்பானேன்.

காபிக்கடையிலிருந்து வந்ததும் போனில் தேடினேன். படம் போட்டே எழுதியிருக்கிறார்கள். சரிவு ஒன்றுதான், ஆனால் இத்தாலிக்காரன் அச்சு நுனி மெல்லியது. ஜப்பான் கிராங்கை அதில் மாட்டினால் அளவு மீறி உள்ளே போய் முட்டும். தகரம் கிகரம் வைக்காதே, அச்சை மாற்று. நான் சொன்னது அப்படியே! மறுநாள் காலையிலேயே போனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படத்தை நீட்டினேன்.

"அந்தப் பச்சை ரேஸ் சைக்கிள் ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா பின்ன? நான் ஓட்டுன சைக்கிள்லா! மாவட்டப் போட்டியில ரெண்டாவதாப் போயிட்டிருந்தேன், கிராங்க் கழண்டுட்டு. பேத்திகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

பொய் சொல்கிற முகமில்லை அது. பொய்யாக இருந்தாலாவது கத்தியிருப்பேன். போனை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். சைக்கிள் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்தச் சாலையில் இரண்டாவதாகப் போனவள் நான்தான் என்று சொல்ல இனி என்னைத் தவிர ஆளில்லை.