கிரேக்க மாவடு

அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் என் வீட்டில் ஆலிவ் பாட்டிலைத் திறந்ததும், உப்புநீர் வாசனை என்னைக் கும்பகோணத்துக்கு இழுத்துப்போனது. நான் பள்ளியில் படித்த நாளில் அப்பா அங்கே ஒரு கிரேக்கக் கவிஞரைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். கப்பல் வேலைக்குப் போன அந்த மனிதர், வீட்டு ஜாடியில் ஊறும் ஆலிவுக்கு ஏங்கியே பாதிக் கவிதைகளை எழுதியவர்.

"ஆலிவ் எப்படிடி இருக்கும்?" என்று அப்பா தவித்தார்.

"உப்புல ஊறினதுதானே? மாவடுன்னு போடுங்கோ" என்றாள் அம்மா.

போட்டார். பத்திரிகை நண்பர்கள் சிரித்தார்கள். அதோடு மொழிபெயர்ப்பையே விட்டுவிட்டார். நானோ, கிரேக்கர்கள் தயிர்சாதத்துக்கு மாவடு தொட்டுக்கொள்வார்கள் என்று சரித்திரப் பரீட்சையில் எழுதிய மேதை.

இன்று தயிர்சாதத்துக்கு ஆலிவைக் கடித்துப் பார்த்தேன். மகள் "யக், அப்பா!" என்றாள். நான் கும்பகோணத்துக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ஆலிவுக்கு மாவடுன்னு நீங்க போட்டது கரெக்ட்!"

பதிலுக்கு அம்மாவின் குரல்தான் வந்தது: "பேனாவைத் தேடறார்டா. இந்தத் தடவை என் பேரையும் போடச் சொல்லு."