செங்கோட்டைக் கணவாயும் ஒரு செருமலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஃப்ரிட்ஜ் பாடியது.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன்... மெல்லிய விசில். ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு சுழி சுழித்துவிட்டு நிற்கிறது. உறுமலைத் தவிர வேறு சத்தம் அறியாத ஃப்ரிட்ஜ் அது. கம்ப்ரஸர் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடப் போனபோதுதான், அதன் தலையில் கறுப்பாக ஒரு சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் என் அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குழல்வாய்மொழி என்பது முழுப்பெயர். குற்றாலத்து அம்மன் பெயர். நமக்கு மொழி. பறவை ஆராய்ச்சி செய்கிறாள். ஆவணியில் கல்யாணம். தென்காசியில் அப்பா வீட்டுக் கல்யாணச் சத்தம் தாங்காமல், ஸ்பீக்கரும் ரெக்கார்டருமாக என் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள்.

“இது என்ன பட்சி?” என்றேன்.

சோலைக்கிளி என்றாள். கிளி என்றால் பச்சையாக இருக்க வேண்டாமா? இல்லையாம். நீல உடம்பு, வெள்ளை வயிறு, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. மலையாளத்தில் எந்தக் குருவியும் கிளிதானாம். சரி, செங்கோட்டையைத் தாண்டினால் எல்லாமே கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

அவள் ஆராய்ச்சியே அந்தத் தாண்டுகிற விஷயத்தைப் பற்றித்தான். நம் செங்கோட்டைக் கணவாய் இருக்கிறதே — ஆனி மாதம் சாரல் காற்றை நமக்கு அனுப்பிவைக்கிற அதே இடைவெளி — அதற்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒரு சோலைக்கிளி. வடக்கே பழனிமலை, ஆனைமலைப் பக்கம் ஒரு சோலைக்கிளி. ஒரு காலத்தில் ஒரே குடும்பம். குளிர்ந்த உச்சிக் காட்டைவிட்டு நகராத குடும்பம். நடுவில் கணவாய் தாழ்ந்து, வெக்கையாகக் கிடக்கிறது. அதனால் அதது அங்கங்கே நின்றுவிட்டது. காலம் போகப் போக நிறம் கொஞ்சம் மாறி, பாட்டும் மாறி, இப்போது இரண்டும் வேறு வேறு இனம் என்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். இறக்கை இருக்கிறது. எதிர்மலை கண்ணுக்குத் தெரிகிறது. பறந்து போனால் என்ன?

“போவாது அத்த. கீழ இறங்கணும்லா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஏன் என்றால்... எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்.

பெரியண்ணன் மேலகரத்தில். சின்னண்ணன், அதாவது மொழியின் அப்பா, தென்காசியில். நடுவில் உள்ள கணவாய் ஷேர் ஆட்டோவில் கொஞ்ச நேரம். அதைத் தாண்டி இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது.

காரணம் ஒரு துரியன் பழம். சிரிக்காதீர்கள். சின்னண்ணன் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் பெரியண்ணன் குற்றாலத்தில் தேடிப் பிடித்து ஒரு துரியன் வாங்கி வந்தார். உடம்புக்கு அவ்வளவு நல்லது என்பது அவர் கட்சி. அதன் நாற்றம் அறைக்குள் வந்ததும் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார். சின்னண்ணன் யாருக்கும் தெரியாமல் பழத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். வைத்த இடம் செருப்புகளுக்குப் பக்கத்தில். சாப்பிட்டுவிட்டுச் செருப்பு மாட்ட வந்த பெரியண்ணன் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பாருங்கள், பரிணாம வளர்ச்சியை. பெரியண்ணன் மீசையை வளர்த்தார், சின்னண்ணன் எடுத்துவிட்டார். மேலகரத்து வீட்டில் தேங்காயெண்ணெய், தென்காசி வீட்டில் நல்லெண்ணெய். பெரியவர் குளித்தால் பழைய குற்றாலம், சின்னவர் குளித்தால் ஐந்தருவி. மெயின் அருவிக்கு இருவரும் போவதில்லை, அங்கே சந்தித்துவிடுவோமோ என்ற பயம். இன்னும் கொஞ்ச காலம் விட்டால் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனி லத்தீன் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாணம் வந்துவிட்டதே! உடன்பிறந்தவருக்குப் பத்திரிகையை யார் கையிலாவது கொடுத்து அனுப்ப முடியுமா? வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டும். தட்டோடு வந்தால் வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்றார் பெரியண்ணன். அந்தப் படி நான் ஏற மாட்டேன் என்றார் சின்னண்ணன். ஆடி பிறந்தால் எந்த வீட்டுக்கும் பத்திரிகை வைக்க முடியாது. சின்ன வயதில் பெரியப்பா ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டே ஊரைச் சுற்றிய பெண் இவள். அவர் வராமல் தாலி கட்டிக்கொள்வதை நினைத்து என் வீட்டு அடுக்களையில் இரண்டு தடவை அழுதுவிட்டாள்.

“சரி, ரெண்டும் வேற இனம்னு எப்படிக் கண்டுபிடிக்குதீங்க?” என்று கேட்டேன். அழுகிற பெண்ணிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் அழுகை நிற்கும்.

நின்றது. ப்ளேபேக் என்று ஒரு சோதனையாம். அந்தப் பக்கத்துப் பறவையின் பாட்டைப் பதிவு செய்து, இந்தப் பக்கத்துப் பறவை இருக்கும் மரத்தடியில் போட்டுக்காட்ட வேண்டும். தன் ஆள்தான் என்று அதற்குத் தோன்றினால், என் எல்லைக்குள் எவன் வந்தது என்று சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வரும். ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றித் தேடும், எதிர்ப்பாட்டுப் பாடும். வேறு இனம் என்று தோன்றினால் தலையைக்கூடத் திருப்பாது, அது பாட்டுக்குப் பூச்சியைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

“சண்டைக்கு வந்தா நல்லது?”

“ஆமா அத்த. கோவம் வந்தா இன்னும் உறவு இருக்குன்னு அர்த்தம். கண்டுக்காமப் போனாத்தான் முடிஞ்சுபோச்சு.”

பாலைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டேன். பேரறிஞர்களுக்கெல்லாம் இப்படித்தான் திடீரென்று தோன்றுமாம். மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய அனுமதி வாங்க வேண்டும், அது இது என்று மொழி இழுத்தாள். நான் அவர்கள் இருவருக்கும் உடன்பிறந்தவள், அந்த அனுமதியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

பெரியண்ணனின் பாட்டைப் பதிவு செய்வது சுலபம். காலை இட்லிக்கு உட்காரும்போது ஒரு நீளச் செருமல், இரண்டு குட்டைச் செருமல், பிறகு “மாவு புளிக்கல.” இது தினசரி உண்டு. எங்கள் அப்பாவுக்கும் இதே ராகம்தான். பறவைக்குஞ்சுகளும் அப்பன் பாடுவதைக் கேட்டுத்தான் பழகுமாம். மேலகரத்தில் போய் இட்லியும் சாப்பிட்டு, பாட்டையும் போனில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை, சின்னண்ணன் வீட்டுப் பின்புறம். அவர் பிளாஸ்டிக் சேரில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கர் கொய்யா மரத்தில். நாங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

முதலில் கன்ட்ரோல் என்று ஒன்று வேண்டுமாம். சம்பந்தமில்லாத ஒரு குரல். என் வீட்டுக்காரர் மாவைக் குறை சொன்ன பதிவைப் போட்டோம். சின்னண்ணன் அசையவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தக் குரலுக்கு நானும் அசைவதில்லை.

அடுத்தது பெரியண்ணன். நீளச் செருமல்... பேப்பர் நின்றது. குட்டைச் செருமல்கள்... தலை சாய்ந்தது. “மாவு புளிக்கல” என்றதும் எழுந்தார் பாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க!

“என் வீட்டு மரத்தடியில நின்னுக்கிட்டு என் வீட்டு மாவக் கொற சொல்லுதாரா?”

மரத்தை ஒரு சுற்று சுற்றினார். திருப்தி இல்லை, எதிர்ப்பக்கமாகவும் சுற்றினார். அண்ணாந்து கிளையைப் பார்த்தார். அந்த வயதில், அந்த உடம்போடு, அண்ணாச்சி கொய்யா மரத்தில் ஏறியிருப்பார் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு நடு முற்றத்தில் நின்று, மேலகரம் இருக்கும் திசையைப் பார்த்துச் செருமினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அப்பட்டமான எதிர்ப்பாட்டு. மொழி அதைப் பதிவு செய்தபடியே என் கையைக் கிள்ளினாள்.

இனிமேல் மறுபக்கம். அந்தச் செருமலை மேலகரத்தில் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கோபப்பட்டால் கணக்கில் வராதாம்.

அடுத்த நாள், பெரியண்ணன் இட்லி சாப்பிடும் நேரத்தில், ஜன்னல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்தோம். செருமல் கேட்டது. அவர் இட்லியைப் பிட்டார். திரும்பவும் போட்டோம். சட்னியில் தோய்த்தார். தலை திரும்பவில்லை. மீசை ஒரு மயிர் அசையவில்லை. பூச்சி பொறுக்குவது என்றாளே, அதுதான் இது. மொழியின் முகம் வாடிவிட்டது. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் என் இரண்டு அண்ணன்மாரும் இனி வேறு வேறு என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டிவந்ததே என்று இருந்தது.

பெரியண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். நேராக ஜன்னலுக்குப் போய், திரையை விலக்கி, ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“ஏட்டி, இன்னொரு வாட்டி போடு” என்றார் மொழியிடம்.

போட்டாள். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

“ரெண்டாவது செருமல் இழுக்கு பாத்தியா? நெஞ்சுல சளி கட்டியிருக்கு. சாரல்ல போயி ஐந்தருவில தலையக் குடுத்திருக்கான். சொன்னா எங்க கேக்கான், மூதி.”

அடுக்களையைப் பார்த்து மதினியைச் சுக்குக் கஷாயம் போடச் சொன்னார். தூக்குவாளியோடு ஸ்கூட்டரை எடுத்தார். நாங்கள் ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே ஓடினோம்.

தென்காசி வீட்டில் கேட்டுக்கு உள்ளே அவர் கால் வைக்கவில்லை. எதிரே சின்னண்ணன் நிற்கிறார். ஆனால் பேச்செல்லாம் என் மூலமாக. இதைச் சூடாகக் குடிக்கச் சொல்லு என்றார் இவர். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லு என்றார் அவர், சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பெரியண்ணன் வாளியைக் கேட்டில் மாட்டினார். நான் கஷாயம் கொடுக்க மட்டும்தான் வந்தேன் என்று தெருவுக்கே பொதுவாக அறிவித்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சின்னண்ணன் அந்தக் கஷாயத்தை மூடியில் ஊற்றி, முகத்தைச் சுளித்துச் சுளித்து முழுவதும் குடித்தார். காலி வாளியைத் தன் கையாலேயே கழுவித் துடைத்தார்.

“மொழி, தட்ட எடு” என்றார்.

அன்றே போய்ப் பத்திரிகை வைத்தாயிற்று. பெரியவர் இறங்கி வந்தாரா, சின்னவர் இறங்கி வந்தாரா? இருவருமே இல்லை என்கிறார்கள். ஒருவர் மருந்து கொடுக்கப் போனார், ஒருவர் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். எங்கள் குடும்பத்தில் கணவாயை இப்படித்தான் தாண்ட முடியும். ஒரே ஒரு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மொழி அடக்கமாகச் சொல்கிறாள். எனக்கு இருப்பதே இந்த ஒரு ஜோடிதான், எனக்குப் போதும்.

புறப்படும்போது பெரியண்ணன் அந்தத் தட்டிலேயே ஒரு பழத்தை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். முள்ளு முள்ளாக, பழுத்த துரியன். கொடுத்துவிட்டுத் தம்பியின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பழம் இப்போது தென்காசி வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பாலில் துரியன் வாசம், மோரில் துரியன் வாசம், நேற்று எனக்குக் கொடுத்த காப்பியிலும் துரியன் வாசம்... அதை எடுத்து வெளியே வைக்கத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.